சின்ன சீனக் கடையில் திருப்தியாகச் சாப்பிட: ஒரு முழுமையான வழிகாட்டி

நகரத்தின் பெரிய சீன உணவகத்துக்குப் போக யாருக்கும் வழிகாட்டி வேண்டியதில்லை. மெனு பளபளப்பாக இருக்கும், சர்வர் பொறுமையாக விளக்குவார், எதைச் சொன்னாலும் சுமாராகவாவது வந்துவிடும். சின்னக் கடை வேறு. ஏழெட்டு மேஜை, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மெனு, சுவரில் கையால் எழுதி ஒட்டிய தாள்கள். கல்லாவில் காசு வாங்குபவரே தட்டையும் கொண்டுவந்து வைப்பார். விளக்கிச் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது; சில சமயம் உங்கள் மொழியும் அவருக்குத் தெரியாது.

அந்தத் தயக்கத்தில் பலர், தெரிந்த ஃபிரைடு ரைஸையும் இனிப்புப் புளிப்புக் கோழியையும் சொல்லி, சாப்பிட்டு, "பரவாயில்லை" என்று எழுந்துவருகிறார்கள். உள்ளே அடுப்பில் நிற்பவர் வாழ்நாள் முழுக்கக் கையால் நூடுல்ஸ் இழுத்தவராக இருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் கடைகளில் நன்றாகச் சாப்பிடுவது பெரும்பாலும் ஒரே வேலைதான்: அந்த அடுப்படிக்கு எது கைவந்தது என்று கண்டுபிடித்து அதைக் கேட்பது. மற்ற படிகளெல்லாம் அதற்குத் துணை.

படி 1: கடையை எடைபோடுங்கள்

நாற்காலியையும் விளக்கையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மேஜை துடைத்திருக்கிறதா, சாப்ஸ்டிக் பிசுபிசுப்பில்லாமல் இருக்கிறதா, மீன் தொட்டி இருந்தால் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் கழிப்பறையையும் எட்டிப் பார்க்கலாம். அதைக் கவனிக்கிறவர்கள் அடுப்படியையும் கவனிப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

நீளமான மெனு என்றால் பழைய சரக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். சீனக் கடைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நறுக்கி வைத்த கோழி, மாடு, பன்றி, இறால், டோஃபு (சோயாப் பால் கட்டி), ஏழெட்டு வகைக் காய், ஐந்தாறு சாஸ். இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தாலே நூற்றுக்கு மேல் பெயர் வந்துவிடும். பாதிக்கு மேல் இரண்டு மூன்று நிமிடத்தில் வாணலியில் முடிகிற வேலை. சந்தேகப்பட வேண்டியது நீளத்தை அல்ல, கலப்படத்தை. ஒரே மெனுவில் சுஷி, தாய்லாந்து கறி, பர்கர் எல்லாம் இருந்தால் அந்தக் கடை எதிலும் தேறியதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேரெதிர், ஒரே ஒரு பொருளை மட்டும் செய்யும் கடை. டம்ப்ளிங் (உள்ளே பூரணம் வைத்த சீனக் கொழுக்கட்டை) மட்டும், நூடுல்ஸ் மட்டும், வாட்டிய வாத்து மட்டும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் யோசிக்காமல் உள்ளே போங்கள். அங்கே வேறு எதையும் கேட்காதீர்கள்.

படி 2: எந்த வட்டாரச் சமையல் என்று கண்டுபிடியுங்கள்

இதுதான் முக்கியமான படி. சீனாவில் சமையலை எட்டுப் பெரும் மரபுகளாகப் பிரித்துச் சொல்லும் வழக்கம் உண்டு: ஷாண்டாங், சிச்சுவான், குவாங்டாங், ஃபூஜியன், ஜியாங்சு, ஜெஜியாங், ஹூனான், அன்ஹுய். சின்னக் கடைகளில் அத்தனையையும் தேட வேண்டாம். அடிக்கடி எதிர்ப்படுவது ஆறேழுதான். அவற்றில் சில இந்தப் பட்டியலிலேயே இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் கொக்கியில் வாத்தும் சிவந்த பன்றி இறைச்சியும் தொங்கினால் அது குவாங்டாங் அல்லது ஹாங்காங் வழிக் கடை. சோற்றின்மேல் வெட்டிவைத்த வாட்டல் இறைச்சி, வோன்டன் (மெல்லிய மாவுத் தோலில் மடித்த சின்ன டம்ப்ளிங்) போட்ட நூடுல்ஸ், கஞ்சி, இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு ஆவியில் வேகவைத்த மீன், இவைதான் அங்கே பலம். சுவை மென்மையாக இருக்கும். காரம் இல்லையே என்று குறைபட வேண்டாம். பொருளின் சொந்தச் சுவை தெரிய வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். மேஜைமேல் மிளகாய் எண்ணெய் இருந்தால் தொட்டுக்கொள்ளலாம்.

மெனுவில் சிவப்பு எண்ணெய் மிதக்கும் படங்கள் வரிசையாக இருந்தால் சிச்சுவான். இங்கே காரம் மட்டுமல்ல, நாக்கு மரத்துப்போகும் ஒரு கூச்சமும் உண்டு. அதைத் தருவது சிச்சுவான் மிளகு. பெயரில் மிளகு இருந்தாலும் மிளகுக்கும் மிளகாய்க்கும் அது உறவில்லை, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த மரத்தின் காய்த்தோல். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சீனாவுக்கு வந்தது. அதற்கு முன்பு அங்கே உறைப்புக்கு இந்த மிளகும் இஞ்சியும் போன்றவைதான். சிச்சுவான் கடையைச் சோதிக்க ஒரு தட்டு போதும்: மாப்போ டோஃபு. சிச்சுவானின் செங்டூ நகரத்தில், சீனாவின் கடைசி அரச மரபான சிங் ஆட்சிக் காலத்தில் பிறந்த பண்டம். டோஃபு உடையாமல் நடுங்க வேண்டும், புளிக்கவைத்த பெரிய அவரையும் மிளகாயும் சேர்ந்த டோபான்ஜியாங்கின் ஆழமான உப்பு தெரிய வேண்டும், மேலே அப்போதே பொடித்த சிச்சுவான் மிளகின் வாசனை எழ வேண்டும். தக்காளிச் சாஸ் நிறத்தில் இனிப்பாக வந்தால் அந்தக் கடையில் மற்ற சிச்சுவான் தட்டுகளையும் நம்பாதீர்கள்.

ஹூனான் கடையும் காரம்தான், ஆனால் மரத்துப்போகும் கூச்சம் குறைவு. பச்சையாகவும் உப்பிலிட்டும் போட்ட மிளகாயின் நேரடிக் காரம். புகைபோட்ட இறைச்சியும், உப்பு மிளகாய் கொத்திப் போட்டு ஆவியில் வெந்த மீன் தலையும் அங்கே கேட்க வேண்டியவை. உறைப்பைத் தாங்குகிறவர்கள் சிச்சுவானைவிட ஹூனான் கடையிலேயே அதிகம் சந்தோஷப்படுவார்கள் என்று எனக்குத் தோன்றும்.

கடை முகப்பிலேயே ஒருவர் மாவை இழுத்துக்கொண்டிருந்தால் அது வடமேற்குச் சீன நகரமான லான்சோவின் நூடுல்ஸ் கடையாக இருக்க வாய்ப்பு அதிகம். கொஞ்சம் நின்று பாருங்கள். மாவுத் தண்டை இரு கையாலும் விரித்து, மடித்து, மறுபடி விரிப்பார். ஒவ்வொரு மடிப்புக்கும் இழைகள் இரட்டிக்கும்: ஏழாவதில் 128, எட்டாவதில் 256. கடைசி இழுப்பில் பலகையில் ஒரு அறை, கொதிக்கும் தண்ணீருக்குள் ஒரு வீச்சு. இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, நூடுல்ஸின் தடிமனை நீங்களே சொல்லலாம் என்பது. நூல் போன்றதிலிருந்து பட்டை போன்றது வரை உண்டு. மெல்லியது சூப்பை அதிகம் இழுக்கும், சீக்கிரம் ஊறிப்போகும். மெதுவாகச் சாப்பிடுகிறவர் நடுத்தரம் கேட்பது நல்லது. தெளிந்த மாட்டிறைச்சி சூப், வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் சாயலில் நூடுல்ஸ் என்று ஐந்து நிறத்தையும் எண்ணிப் பார்த்துத்தான் அந்த ஊர்க்காரர்கள் கிண்ணத்தை மதிப்பிடுவார்கள். இது சீனாவின் ஹூய் இன முஸ்லிம்கள் வளர்த்த சமையல் என்பதால் இந்தக் கடைகள் பெரும்பாலும் ஹலால்.

சீரகம் போட்ட ஆட்டிறைச்சி, பெல்ட் அகல நூடுல்ஸ், ரொட்டிக்குள் கொத்திய இறைச்சி என்றால் ஷியான் நகரத்துக் கடை. டம்ப்ளிங்கும் புளித்த முட்டைக்கோஸும் பெரிய பெரிய தட்டுகளும் என்றால் வடகிழக்கு. அங்கே இருவர் போனால் இரண்டு தட்டுக்கே மூச்சுமுட்டும். ஷாங்காய் வழிக் கடையில் சோயாவும் சர்க்கரையும் சேர்த்து மெல்ல வேகவைத்த பன்றி இறைச்சியும், சூப் அடைத்த ஷியாவ்லாங்பாவ் டம்ப்ளிங்கும்.

இத்தனையும் பார்த்துப் புரியாவிட்டால் நேராகவே கேட்டுவிடுங்கள்: "சமையற்காரருக்கு எந்த ஊர்?" பெரும்பாலான கடைகளில் இந்த ஒரு கேள்விக்கே முகம் மலர்ந்துவிடும்.

படி 3: சரியான நேரத்துக்குப் போங்கள்

டிம்சம் எனும் சின்னச் சின்னப் பலகாரங்கள் காலையிலிருந்து மதியம் வரை. வாட்டல் இறைச்சிக்கு மதியச் சாப்பாட்டு நேரம்தான் தோதானது. மாலைக்குள் தோலின் மொறுமொறுப்பு போய்விடும், நல்ல பாகங்களும் தீர்ந்திருக்கும். வாணலிச் சமையலுக்குக் கூட்ட நேரத்துக்குச் சற்று முன்னால் போவது உத்தமம்: அடுப்பு சூடேறியிருக்கும், சமையற்காரர் களைத்திருக்கமாட்டார். பிற்பகலில் பல கடைகள் மூடிவிடும், அல்லது ஊழியர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்படி அவர்கள் சாப்பிடுவதைப் பார்க்க நேர்ந்தால் கண்ணைத் திருப்பாதீர்கள். மெனுவில் இல்லாத ஒரு கீரையோ மீனோ அந்த மேஜையில் இருக்கும். அடுத்த முறை வரும்போது கேட்க அது ஒரு விஷயம்.

மூடும் நேரத்துக்கு அரை மணி முன்னால் நுழைந்து ஆறு தட்டு சொல்வது அழகில்லை.

படி 4: மெனுவைப் படியுங்கள், சுவரையும் படியுங்கள்

அச்சடித்த மெனு எல்லாருக்குமானது. சுவரில் ஒட்டிய தாள் இன்றைக்கானது. அந்தத் தாள் சீன எழுத்தில் மட்டும் இருந்தால் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். கவித்துவமான பெயர்களை அது கண்டபடி மொழிபெயர்க்கும். ஆனால் மீனா கோழியா, வறுவலா ஆவியா என்பது தெரிந்துவிடும். சில கடைகளில் சீன வாடிக்கையாளருக்கென்று தனி மெனுவே உண்டு. "வேறு மெனு இருக்கிறதா?" என்று கேட்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

பெயர்களில் சில துண்டுகளைத் தெரிந்துகொண்டால் பாதி மெனு திறந்துவிடும். 'சாவ்' என்றால் வாணலியில் புரட்டியது, 'ஜெங்' என்றால் ஆவியில் வைத்தது, 'ஹோங்ஷாவ்' என்றால் சோயாவில் மெல்ல வேகவைத்துச் சிவந்தது, 'லியாங்பான்' என்றால் குளிர்ந்த கலவை. சில பெயர்கள் ஏமாற்றும். 'யூஷியாங்' கத்தரிக்காயில் யூ என்பது மீன்தான், ஆனால் தட்டில் மீன் இருக்காது. மீனுக்குப் போடும் பூண்டு, இஞ்சி, ஊறிய மிளகாய் மசாலா மட்டுமே. 'ஷுய்ஜூ' மீன் என்றால் வெறும் தண்ணீரில் வேகவைத்தது என்று பொருள், வருவதோ மிளகாய் எண்ணெயில் மூழ்கிய கிண்ணம். அந்த எண்ணெயைச் சோற்றில் ஊற்றாதீர்கள், குடிக்கவும் வேண்டாம். துண்டுகளை எடுத்து, வடியவிட்டுச் சாப்பிட வேண்டும். அதேபோல் சோங்சிங் மிளகாய்க் கோழியில் வறமிளகாய்க் குவியலுக்குள் கோழியைத் தேடி எடுப்பதுதான் வேலை. மிளகாய் வாசனைக்கு மட்டும்.

விலை போடாமல் 'பருவ விலை' என்று இருந்தால் சொல்வதற்கு முன் கேளுங்கள். உயிர்மீன், நண்டுக்கு இது வழக்கம். எடைக்குத்தான் விலை என்பதால் மீனையும் எடையையும் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

படி 5: தட்டுகளைச் சேர்ப்பது

ஆளுக்கு ஒரு தட்டு என்று சொல்லி அவரவர் முன்னால் வைத்துக்கொள்வது சீனச் சாப்பாட்டை வீணடிக்கும் வழி. எல்லாம் நடுவில், எல்லாருக்கும். தலைக்கு ஒரு தட்டு, அதற்குமேல் ஒரு சூப்போ கீரையோ, இதுதான் கணக்கு. வடகிழக்குக் கடையில் அதிலும் ஒன்றைக் குறையுங்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியம் சமைக்கும் முறை. நான்கு பேருக்குச் சொல்லும்போது நான்கும் சோள மாவு சாஸ் பூசிய வாணலித் தட்டுகளாக இருந்தால் மூன்றாவதிலேயே சலித்துவிடும். குளிர்ந்த வெள்ளரிக் கலவை ஒன்று, மெல்ல வெந்த இறைச்சி ஒன்று, ஆவியில் வைத்த மீனோ டோஃபுவோ ஒன்று, அப்புறம் ஒரு கீரை. காரமான தட்டு ஒன்று இருந்தால் பக்கத்தில் காரமே இல்லாத ஒன்று.

கீரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "இன்றைக்கு என்ன கீரை?" என்று கேட்டு, பூண்டு போட்டுப் புரட்டித் தரச் சொல்லுங்கள். பட்டாணித் தளிர், வள்ளைக்கீரை, பாக்சாய், எது புதிதாக வந்ததோ அது. ஒரு சமையற்காரரின் கையை இதைவிடத் தெளிவாக எந்தத் தட்டும் காட்டாது, ஏனென்றால் ஒளிந்துகொள்ள சாஸ் இல்லை. நன்றாகச் செய்தது மேஜைக்கு வரும்போது இலை பச்சையாகப் பளபளக்கும், தண்டு கடித்தால் நறுக்கென்று இருக்கும், பூண்டு வெளுத்தே இருக்கும், ஆனால் பச்சை வாடை அடிக்காது. அதோடு ஒரு மெல்லிய புகை வாசனை. குவாங்டாங்காரர்கள் அதை வோக் ஹேய் என்பார்கள். நன்றாகக் காய்ந்த இரும்பு வாணலியில், பெரும் தீயில், சிறிய அளவில் சமைத்தால்தான் அது வரும். தட்டைச் சுற்றிக் குளம்போல் தண்ணீர் நின்றால் தீ போதவில்லை என்று அர்த்தம்.

தனியாகப் போனால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். நூடுல்ஸ் கிண்ணம், சோற்றின்மேல் போட்ட ஒரு பதார்த்தம், கஞ்சி, டம்ப்ளிங், இவை தனியாளுக்கென்றே இருப்பவை. கூட்ட நேரத்தில் தெரியாதவர்களோடு மேஜையைப் பகிரச் சொன்னால் உட்காருங்கள். யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள், ஆனால் அவர் தட்டில் என்ன இருக்கிறது என்பது தெரியும். பிடித்திருந்தால் சர்வரிடம் காட்டி "அதே மாதிரி ஒன்று" என்று சொல்லலாம்.

படி 6: சாப்பிடாதவற்றை முன்பே சொல்லுங்கள்

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு எச்சரிக்கை: டோஃபு என்று பெயர் இருந்தால் சைவம் என்று அர்த்தமில்லை. மாப்போ டோஃபுவில் கொத்துக்கறி இருக்கும். வறட்டிய பீன்ஸிலும் பெரும்பாலும் அப்படியே. கீரையின்மேல் சிப்பிச் சாஸ் ஊற்றலாம், சூப்புக்கு அடிப்படையாக எலும்புச் சாறு இருக்கலாம், வதக்கும் கொழுப்பே பன்றியினுடையதாக இருக்கலாம். "சைவம்" என்று ஒரு சொல்லோடு நிறுத்தாமல், இறைச்சி, மீன், சிப்பிச் சாஸ், எலும்புச் சாறு, முட்டை என்று பெயர் பெயராகச் சொல்லி எது கூடாது என்று காட்டுங்கள். சீன மொழியில் எழுதிய குறிப்பைப் போனில் வைத்திருப்பது இன்னும் நல்லது. பௌத்த சைவக் கடை கிடைத்தால் இந்தக் கவலை பெருமளவு போய்விடும். பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்காத மரபு அது.

ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னும் கறாராக இருக்க வேண்டும். சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு. நிலக்கடலையும் எள்ளும் எங்கும் வரும். ஒரே வாணலியை அலசிவிட்டு அடுத்த தட்டைச் செய்வார்கள் என்பதால், கடுமையான ஒவ்வாமை இருந்தால் அந்தச் சின்ன அடுப்படியை நம்பிச் சாப்பிடுவது சரியல்ல.

அஜினமோட்டோ பயம் வேறு வகை. அஜினமோட்டோ என்று நாம் சொல்லும் மோனோசோடியம் குளுட்டமேட்டின் சுவையை ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து கண்டறிந்தார். 1968இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஒரே ஒரு கடிதத்தில் கிளம்பியதுதான், சீன உணவகத்தில் சாப்பிட்டால் மரத்துப்போவதும் படபடப்பும் வரும் என்ற 'சீன உணவக நோய்' பேச்சு. பின்னால் நடந்த கட்டுப்பாடான சோதனைகளில், உணவில் இருக்கும் அளவுக்கு அப்படி ஒரு தொல்லை நிலையாக நிரூபணமாகவில்லை. தக்காளியிலும் முதிர்ந்த சீஸிலும் இயற்கையாகவே இருக்கும் பொருள் அது. வேண்டாம் என்றால் சொல்லலாம். ஆனால் சாஸ்களில் ஏற்கெனவே கலந்திருப்பதை யாரும் பிரித்தெடுக்க முடியாது.

படி 7: சாப்பிடும் முறை

சாப்ஸ்டிக் வராவிட்டால் கரண்டி கேளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். பிடிக்கத் தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டுதான். சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், அது இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றிய தோற்றம். பொதுத் தட்டைக் கிளறி நல்ல துண்டைத் தேடாதீர்கள். உங்கள் பக்கம் இருப்பதை எடுங்கள். பொதுக் கரண்டி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கி வாயருகே வைத்துச் சாப்பிடலாம், அதுதான் முறை. வெள்ளைச் சோற்றின்மேல் சோயா சாஸ் ஊற்ற வேண்டாம்.

ஷியாவ்லாங்பாவை அப்படியே வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும். கட்டியாக உறைந்த எலும்புச் சாற்றைக் கறியோடு சேர்த்து மூடியிருப்பார்கள், ஆவியில் அது உருகிக் கொதிக்கும் சூப்பாகியிருக்கும். மேல் முடிச்சைப் பிடித்து மெதுவாகத் தூக்கி, கரண்டியில் வைத்து, பக்கவாட்டில் சின்னதாகக் கடித்து, ஆவியை வெளியே விடுங்கள். சூப்பை உறிஞ்சிவிட்டு, இஞ்சி இழையும் கொஞ்சம் கருப்பு வினிகரும் சேர்த்து மீதியைச் சாப்பிடுங்கள். ஆறவிட்டால் தோல் தட்டில் ஒட்டிக் கிழியும், ஆகவே இது வந்தவுடன் மற்றதை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டிய பண்டம். நூடுல்ஸும் அப்படியே. படம் எடுப்பதென்றால் ஒன்று, அதற்குமேல் வேண்டாம்.

தட்டுகள் வரிசையாக வராது, எது முடிகிறதோ அது வரும். எல்லாம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. டீக் கெண்டி காலியானால் மூடியைத் திறந்து சாய்த்து வையுங்கள். குவாங்டாங் வழிக் கடைகளில் அதுவே "இன்னும் வேண்டும்" என்பதற்கு அடையாளம். யாராவது உங்களுக்கு டீ ஊற்றும்போது இரண்டு விரலால் மேஜையை மெல்லத் தட்டினால் நன்றி சொன்னதாகும். வாயில் கவளத்தோடு இருக்கும்போது வெகு வசதியான பழக்கம்.

படி 8: பில்லும் பார்சலும்

கார்டு வாங்குவார்களா என்று நுழையும்போதே கேளுங்கள். டீ, ஊறுகாய், நனைந்த துண்டு போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் போடும் கடைகள் உண்டு. பில்லில் அதைப் பார்த்துச் சண்டை போடாமல், வேண்டாம் என்றால் வைக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டிப்ஸ் அந்தந்த நாட்டு வழக்கப்படி. கூட்டம் காத்திருந்தால் சாப்பிட்டதும் எழுந்துவிடுவது மரியாதை. சின்னக் கடையின் வரவு மேஜை எத்தனை முறை நிரம்புகிறது என்பதில் இருக்கிறது.

மிச்சத்தைப் பார்சல் கேட்கலாம், இங்கே அது சகஜம். மெல்ல வேகவைத்த இறைச்சியும் மாப்போ டோஃபுவும் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். கீரையும் பொரித்த பண்டங்களும் சுடவைத்தால் உருப்படாது, அவற்றை மேஜையிலேயே முடித்துவிடுங்கள். சூப் நூடுல்ஸை மீத்தால் நூடுல்ஸையும் சூப்பையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். சோற்றை வெளியில் விட்டு வைக்காமல் வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். வேகவைத்த சூட்டையும் தாங்கும் பாக்டீரியா வித்துகள் அதில் முளைத்து, பாக்டீரியா பெருகி வயிற்றைக் கெடுக்கும். மறுநாள் குளிர்ந்து உதிரியான அந்தச் சோறுதான் ஃபிரைடு ரைஸுக்குத் தோதானது. வீட்டிலேயே இரண்டு முட்டை உடைத்துப் போட்டுச் செய்துகொள்ளலாம்.